எந்த எந்திரம் நல்ல எந்திரம்?
கதிர் அறுக்க வரும் வண்டிகளின் கதை

விடியற்காலை 5 மணி. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. நீலச் சட்டை போட்ட வாலிபர்கள் ஏறுகிறார்கள். டிபன் பெட்டியோடு பெண்களும் ஏறுகிறார்கள். பஸ் புறப்பட்டுவிடுகிறது.

சாலையை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் ஏரிப் பாசன வயல்கள். நெல் முற்றிவிட்டது. கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் மணி உதிர ஆரம்பித்துவிடும்.

அறுக்க ஆள் எங்கே?

ஆள் இல்லை! அறுக்க வேண்டிய கைகள் பஸ் ஏறிப் போய்விட்டன. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் அறுவடைக்கு ஆள் தேட வேண்டியது இல்லை. ஆட்களே களத்துக்கு வந்து நிற்பார்கள். அரசாங்கத்தின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1998-ம் ஆண்டில் ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து முதல் கார் வெளியே வந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் பெருகின. மாதச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு மக்கள் போனார்கள். அதில் தப்பு என்ன?

ஆனால் மிச்சம் இருக்கும் வயலில் நெல் விளையத்தான் செய்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். மூன்றுக்கும் அறுவடை உண்டு. ஆகவே எந்திரத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பம் ஆகிறது. ஆரஞ்சு நிற வண்டி, சிவப்பு வண்டி, பச்சை வண்டி என்று பல வண்டிகள். ஜப்பான் வண்டி, ஜெர்மனி வண்டி, அமெரிக்க வண்டி, பஞ்சாப் வண்டி என்று பல நாட்டுப் பெயர்கள். ஒவ்வொரு புரோக்கரும் தன் வண்டிதான் ராஜா என்கிறார். எதைக் கூப்பிடுவது? எதை வாங்குவது?

மூன்று வேலை, ஒரே வண்டி

முதலில், இந்த எந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கை அறுவடையில் மூன்று பெரிய வேலைகள். கதிர் அரிவாளால் அறுத்துக் கட்ட வேண்டும். களத்தில் அடித்து நெல்லைப் பிரிக்க வேண்டும். முறத்தால் தூற்றிப் பதரை நீக்க வேண்டும். காற்று வீசவில்லை என்றால் தூற்றும் வேலை நின்றுவிடும். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இந்த எந்திரம் மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்கிறது. முன்னால் சுழலும் சட்டம் கதிரை உள்ளே சாய்க்கிறது. கத்தி வரிசை அடியை அறுக்கிறது. அறுத்த பயிர் வயிற்றுக்குள் போகிறது. அங்கே ஒரு டிரம் சுழன்று நெல்லை அடித்துப் பிரிக்கிறது. கீழே சல்லடை. பக்கத்தில் காற்றாடி. காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். வண்டியே காற்றை உண்டாக்கிக்கொள்கிறது! பதர் பறக்கிறது, நெல் தொட்டியில் சேருகிறது, வைக்கோல் பின்னால் விழுகிறது.

கையால் அறுக்க ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பேர் வேண்டும். அடித்துத் தூற்ற இன்னும் ஆள் வேண்டும். எந்திரமோ, நல்ல வயலாக இருந்தால் ஏறக்குறைய 1 மணி நேரத்தில் 1 ஏக்கரை முடித்துவிடும்.

குதிரை இழுத்த எந்திரம்

இப்படி மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யும் எந்திரத்துக்கு 1836-ல் அமெரிக்காவில் ஹிராம் மூர் என்பவரும் அவருடைய கூட்டாளியும் உரிமை பெற்றார்கள். அது கோதுமை வயலுக்கு வந்தது. பல குதிரைகள் சேர்ந்து அதை இழுத்தன.

1936-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி, ஐரோப்பிய வயலுக்கு ஏற்ற எந்திரத்தை வெளியிட்டது. 1944-ல், உலக யுத்தம் நடந்த சமயம், அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடந்தது. பண்ணைகளில் ஆள் இல்லை. மாஸி-ஹாரிஸ் கம்பெனி, தானே ஓடும் 500 அறுவடை எந்திரங்களைக் களத்தில் இறக்கியது. தெற்கே கோதுமை முற்றியதும் அங்கே அறுத்தார்கள். பிறகு வடக்கே நகர்ந்து நகர்ந்து கனடா எல்லை வரை அறுத்துக்கொண்டே போனார்கள். "அறுவடைப் பட்டாளம்" என்று அதற்குப் பெயர்.

அதே காட்சியை இன்று தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். ஆத்தூர், பெரம்பலூர் பக்கமிருந்து எந்திரங்கள் லாரியில் ஏறி, காவிரி டெல்டாவுக்கும் வட மாவட்டங்களுக்கும் பட்டம் பார்த்துப் போகின்றன.

நம் நாட்டில் 1980-ல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் ஸ்வராஜ் 8100 என்ற எந்திரத்தைக் கொண்டு வந்தது. அது தானே ஓடும் வகை. பிறகு பஞ்சாபில் பல ஊர்களில் பட்டறைகள் பெருகிக் கம்பெனிகள் ஆயின.

இரண்டு ஜாதி வண்டிகள்

கம்பெனிப் பெயர் எத்தனை இருந்தாலும், வண்டிகள் இரண்டே ஜாதிதான். ஒன்று டயர் வண்டி. மற்றொன்று பெல்ட் வண்டி. சில ஊர்களில் இதைச் செயின் வண்டி என்பார்கள். ராணுவ டாங்கி போல் ஓடும். ஆனால் இரும்புக்குப் பதில் ரப்பர் பெல்ட்.

டயர் வண்டியில் பஞ்சாப் கம்பெனிகளுக்குத்தான் பெரிய பெயர். கர்தார், பிரீத், தஸ்மேஷ், ஸ்டாண்டர்ட் எல்லாம் அந்த ஊர் வண்டிகள். இவற்றில் பலவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. வண்டி பஞ்சாப், உள்ளே ஓடும் எஞ்சின் சென்னையில் பிறந்த அசோக் லேலண்டு கம்பெனியுடையது! அமெரிக்காவின் ஜான் டீர் கம்பெனியும் டபிள்யூ.70 என்ற டயர் வண்டியை விற்றது. 1837-ல் ஒரு கொல்லர் தொடங்கிய கம்பெனி அது. பச்சை உடம்பும் மஞ்சள் சக்கரமும் அதன் அடையாளம்.

பெல்ட் வண்டியில் ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். அவர்கள் ஊரிலும் சேற்று வயல்; சின்னச் சின்ன வயல். குபோட்டா கம்பெனி 1890-ல் ஓசாகா நகரில் இரும்பு வார்க்கும் பட்டறையாக ஆரம்பித்தது. 2008-ல் சென்னையில் தலைமையகம் வைத்து இந்தியாவில் விவசாய எந்திர வியாபாரம் தொடங்கியது. யன்மார் கம்பெனி 1912-ல் பிறந்தது. 1933-ல் சிறிய டீசல் எஞ்சினைச் செய்து உலகுக்குக் காட்டியது. யன்மார் என்ற பெயரே தட்டாம்பூச்சியில் இருந்து வந்தது. தட்டான் நிறையப் பறந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது ஜப்பான் விவசாயிகளின் நம்பிக்கை.

பெல்ட் வண்டியில் ஜெர்மனிக்காரரும் உண்டு. கிளாஸ் கம்பெனி கொண்டு வந்த "கிராப் டைகர்", அதாவது "பயிர்ப் புலி", நெல் வயலில் நல்ல பெயர் எடுத்தது. ஆரம்பத்தில் அதை எஸ்கார்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டாகச் செய்தார்கள். பின்னர் கூட்டு முடிந்தது. காலம் சுழன்றது. 2022-ல் அதே எஸ்கார்ட்ஸ், குபோட்டாவின் கைக்கு வந்து "எஸ்கார்ட்ஸ் குபோட்டா" ஆனது. ஒரு காலத்தில் புலியின் கூட்டாளி. இன்று புலிக்குப் போட்டியாளர்!

காலைப் பார்

மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பார்கள். எந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது காலை.

டயர் வண்டி கனமானது. 8 டன் அளவுக்கு எடை இருக்கும். அத்தனை பாரமும் நாலு டயர் மேல் இறங்குகிறது. வயல் காய்ந்து கெட்டியாக இருந்தால் கவலை இல்லை. வேகமாக ஓடும், ரோட்டிலும் தானே ஓடிப் போகும். ஆனால் ஈர வயலில் இறங்கினால் பள்ளம் பறித்துவிடும். சில சமயம் புதைந்தே போகும். அப்புறம் டிராக்டர் கொண்டு வந்து இழுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தைச் சமன் செய்ய அடுத்த உழவில் தனிச் செலவு.

பெல்ட் வண்டி எடை குறைவு. பாரம் நீண்ட பெல்ட் முழுவதும் பரவுகிறது. சேற்றில் அமிழாமல் போகும். ஆனால் தார் ரோட்டில் ஓடினால் பெல்ட் தேயும். அதனால் லாரி வேண்டும். பெல்ட் அறுந்தால் செலவு பெரிது.

இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு இதை வைத்துப் பாருங்கள். சம்பா அறுவடை ஜனவரியில். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த சமயம். ஏரியும் நிறைந்திருக்கும், வயலும் இளகியிருக்கும். அப்போது பெல்ட் வண்டிதான் ராஜா. நவரை அறுவடை நல்ல வெயில் காலத்தில். தண்ணீரை முன்கூட்டியே வடித்துக் காயவிட்டால் டயர் வண்டியே போதும். ஒரே வயல், இரண்டு பட்டத்துக்கு இரண்டு வண்டி!

வாயும் வயிறும்

அடுத்தது வாய். பெரிய டயர் வண்டியின் கத்தி 14 அடி அகலம் வரை இருக்கும். பெல்ட் வண்டியின் கத்தி 6½ அடி முதல் 7 அடி. பெரிய வாய் சீக்கிரம் தின்னும் என்பது உண்மை. ஆனால் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று வரப்பு கட்டிய வயலில், 14 அடி வாய் திரும்புவதற்கே பாதி நேரம் போய்விடும். வரப்பும் உடையும். துண்டு வயலுக்குச் சின்ன வாய்தான் சரி.

எஞ்சின் சக்தியிலும் இதே கணக்குத்தான். குபோட்டாவின் டி.சி.68 வண்டிக்கு 68 குதிரைச் சக்தி. யன்மாரின் ஏ.டபிள்யூ.70 வண்டிக்கு 70. ஜான் டீர் டபிள்யூ.70 வண்டிக்கு 100. நம்பர் பெரியது என்பதால் வண்டி நல்லது என்று அர்த்தம் இல்லை. கனமான உடம்பை இழுக்கக் கனமான எஞ்சின் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வயிறு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பழைய முறை டயர் வண்டிகளில் டிரம் ஒரு முறை அடித்துவிட்டு, வைக்கோலை ஆட்டி ஆட்டிப் பின்னால் தள்ளும். வைக்கோல் ஓரளவு நீளமாக விழும். பெல்ட் வண்டிகளில் பயிர் நீளமான டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் போகும். நெல் நன்றாகப் பிரியும்; ஆனால் வைக்கோல் நொறுங்கும்.

மாடு வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம். நொறுங்கிச் சேற்றில் மிதிபட்ட வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வைக்கோல் நாலு நாள் காய்ந்த பின் கட்டு கட்டும் எந்திரத்தை விட்டால் ஓரளவு மீட்கலாம். ஜப்பானில் இதற்கும் வழி கண்டார்கள். கதிரை மட்டும் வயிற்றுக்குள் விட்டு, தாளை வெளியிலேயே பிடித்துக்கொள்ளும் எந்திரம் அங்கே 1960-களில் வந்தது. வைக்கோல் முழுசாகக் கிடைக்கும். ஆனால் அது நுணுக்கமான எந்திரம், விலையும் அதிகம். ஆகையால் நம் ஊரில் பரவவில்லை.

வாடகைக் கணக்கு

பெரும்பாலான விவசாயிகள் எந்திரம் வாங்குவதில்லை. வாடகைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். வாங்குவது என்றால் பெல்ட் வண்டிக்கே கால் கோடி ரூபாய் அளவுக்கு ஆகும். சர்க்கார் மானியம் 40 முதல் 50 சதவீதம் வரை உண்டு. ஆனால் அதற்கு உச்ச வரம்பும் உண்டு.

அரசு வேளாண்மைப் பொறியியல் துறையும் எந்திரத்தை வாடகைக்கு விடுகிறது. செல்போனில் உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். சமீப ஆண்டுகளில் துறையின் வாடகை டயர் வண்டிக்கு மணிக்கு 1,160 ரூபாய், பெல்ட் வண்டிக்கு 1,880 ரூபாய் என்று இருந்தது. தனியார் வண்டிக்கு இதைவிட அதிகம். அறுவடை மும்முரத்தில் வாடகை ஏறும். அதனால் டெல்டா மாவட்டங்களில் கலெக்டர்கள் விவசாயிகளையும் வண்டிக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசி வாடகையை நிர்ணயிப்பது உண்டு.

டயர் வண்டியில் மணிக்கு 720 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். வயல் காய்ந்திருந்தால் அது உண்மையான மிச்சம். வயல் இளகியிருந்தால்? வண்டி திணறும். 1 மணி வேலை 2 மணி ஆகும். 2 மணிக்கு 2,320 ரூபாய்! மிச்சம் எங்கே போயிற்று? வாடகை மணிக்கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

பின்னால் நடந்து பாருங்கள்

வண்டி வயலில் இறங்கியதும் வரப்பில் நிழல் தேடி உட்காரக் கூடாது. முதல் சுற்றில் வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று.

1. பின்னால் விழும் வைக்கோலில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். கதிரில் நெல் ஒட்டிக்கொண்டிருந்தால் டிரம் வேகம் போதவில்லை.

2. தரையைப் பாருங்கள். பதரோடு நல்ல நெல்லும் கிடந்தால் காற்று அதிகம். அல்லது வண்டி வேகமாக ஓடுகிறது.

3. தொட்டியில் கை விட்டுப் பாருங்கள். அரிசி உடைந்து உமி பிரிந்திருந்தால் டிரம் வேகம் அதிகம்.

இதில் எதுவும் கம்பெனியின் குற்றம் அல்ல. டிரைவர் திருப்ப வேண்டிய திருகு!

நஷ்டத்தை அளக்கவும் எளிய வழி இருக்கிறது. 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு நாலு குச்சியை வையுங்கள். அதற்குள் சிந்திய நெல்லை எண்ணுங்கள். 100 மணி இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ போகிறது. 400 மணி இருந்தால் 36 கிலோ! நெல் கொள்முதல் நிலையத்துச் சாக்கு 40 கிலோ. கிட்டத்தட்ட ஒரு மூட்டை நெல் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம். எந்த நிற வண்டியானாலும் இந்தக் கணக்கு மாறாது.

அந்த நேரத்தில், "தம்பி, கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா" என்று சொல்லத் தயங்கக் கூடாது. "சரிண்ணே" என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தால், ஐந்து பத்து நிமிஷ வாடகை கூடும். அரை மூட்டை நெல் மிஞ்சும்.

விதை நெல் எடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டி நேற்று யார் வயலில் இருந்ததோ, அந்த நெல் அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். களை விதையும் கூட வரும். வண்டியைக் காலியாக ஓட்டிச் சுத்தம் செய்த பிறகே வயலில் இறக்க வேண்டும். முதல் தொட்டி நெல்லை விதைக்கு வைக்கக் கூடாது.

ஈரம் என்னும் எதிரி

கையால் அறுத்தால் கதிர் வயலிலே கிடந்து ஓரளவு காயும். எந்திரம் அறுத்தால் நெல் ஈரத்தோடு நேரே தொட்டிக்கு வருகிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆனால் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. மழை ஆண்டுகளில் மத்திய சர்க்கார் இதைத் தளர்த்தியதும் உண்டு. தளர்த்துவார்கள் என்று நம்பி உட்கார முடியுமா? 1 மணியில் அறுத்த நெல்லைக் காயவைக்க 2 நாள் களம் வேண்டும். களம் இல்லாதவர் நெல்லை ரோட்டில் பரப்புகிறார். ஆகவே வண்டிக்குச் சொல்லும் முன்பு, களத்தைத் தயார் செய்ய வேண்டும்.

யார் வந்து ரிப்பேர் செய்வார்?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி இதுதான். அறுவடை என்பது சில வாரத்துத் திருவிழா. அந்தச் சில வாரத்தில் வண்டி 3 நாள் படுத்துவிட்டால், வண்டிக்காரருக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். கத்தி, பெல்ட், பேரிங் எந்த ஊரில் கிடைக்கும்? போன் செய்தால் மெக்கானிக் அன்றைக்கே வருவாரா? பக்கத்து ஊரில் அதே வண்டி எத்தனை ஓடுகிறது? வாங்குகிறவர் விலைப் பட்டியலுக்கு முன்பு இதைத்தான் கேட்க வேண்டும். உலகத்திலேயே சிறந்த வண்டியானாலும், உதிரி பாகம் வர ஒரு வாரம் ஆனால் அது நமக்குச் சிறந்த வண்டி அல்ல.

அரிவாள் பிடித்த கைகள்

இந்த எந்திரங்கள் வயலுக்கு வந்தபோது வரவேற்பு மட்டும் கிடைக்கவில்லை, எதிர்ப்பும் இருந்தது. அறுவடைக் கூலி நெல்லை நம்பி அடுப்பு எரித்த குடும்பங்கள் எத்தனையோ! அதிலும் பெண்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். நாற்று நடவும் களையும் அறுப்பும்தான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். மகன் கார் கம்பெனிக்குப் போகலாம். 55 வயதுத் தாயை எந்தக் கம்பெனி சேர்க்கும்? எந்திரம் மிச்சப்படுத்தும் கூலி, ஒரு வீட்டில் நின்றுபோன வருமானம் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஆனால் பஸ் ஏறிப் போன கைகள் அரிவாளுக்குத் திரும்பி வரப் போவதில்லை. எந்திரம் வராவிட்டால் வயல் தரிசாகும். தரிசான வயலில் மனைக்கல் நடுவதற்கு ஆள் காத்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் நெல் விளைய வேண்டும் என்றால், சரியான நேரத்தில் சரியான வண்டி வர வேண்டும்.

எது சரியான வண்டி? பெயர்ப் பலகையில் அதற்குப் பதில் இல்லை. வயலில் இறங்கிக் காலை ஊன்றிப் பாருங்கள். கால் புதைந்தால் பெல்ட் வண்டி. புதையாவிட்டால் டயர் வண்டி. வரப்பு நெருங்கியிருந்தால் சின்ன வாய். வீட்டில் மாடு இருந்தால் வைக்கோலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிரைவருக்குப் பின்னால் ஒரு சுற்று நடங்கள்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. கணக்குப் பார்த்து எந்திரத்தைக் கூப்பிட்டால், உழக்கு என்ன, ஒரு மூட்டையே மிஞ்சும்!